வரி ஆபீஸிலிருந்து பேசுகிறோம்

அத்தியாயம் 17

கடையின் பெயர்ப்பலகை மாறிய நாளிலிருந்து மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. போன வாரம் அவர்களை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். பழைய பலகையில் பெரியவரின் பெயர் பெரிதாக இருந்தது. புதிதில் இரண்டு கண்களின் படம் மட்டும் இருக்கிறது. யோசனை மகனுடையது, பழி மருமகளுக்கு. பல வீடுகளில் நடக்கிற பங்கீடுதான்.

பேசுவதில்லையே தவிர, சண்டையும் இல்லை. அவர் சுவரைப் பார்த்து, சாப்பாடு ஆச்சா என்பார். அவள் குக்கரைப் பார்த்து, ஆச்சு என்பாள். நடுவில் நின்று சேதி கடத்துகிற மகன், லென்ஸ் கண்காட்சி என்று வெளியூர் போயிருந்தான். அதனால் வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

பெரியவர் காலமெல்லாம் கண்ணாடிக்கடை நடத்தியவர். உள்ளே வருகிறவரின் மூக்கைப் பார்த்தே பிரேம் எடுத்து நீட்டுவார். தெருவில் அவருக்கு 'பவர் சார்' என்று பெயர். கடையை மகன் பேருக்கு மாற்றி எழுதிய பிறகு, பட்டப்பேரில் இருப்பதைத் தவிர வேறு பவர் எதுவும் தனக்கு இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மாடிப் பகுதியில் மகள் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வரி அலுவலகத்தில் அதிகாரி. வீட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா வைத்த 'ஆபீசர்'தான் நிலைத்துவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவனிடம்கூட, "ஆபீசருக்கா? மாடிக்குப் போ" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே வாசலில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று மருமகளுக்குச் சில சமயம் தோன்றும்.

அன்று காலை ஆபீசர் வழக்கம்போல் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இறங்கிப் போனாள். அவள் தலை தெருமுனையில் மறைந்த கொஞ்ச நேரத்தில் பெரியவரின் போன் அடித்தது.

இளம் குரல், மரியாதையான குரல். "வணக்கம் சார். வரி ஆபீஸ்லேர்ந்து பேசறோம்."

கடையை மகன் பேருக்கு மாற்றியதில் கட்ட வேண்டிய வரி கட்டப்படவில்லை, பலமுறை நோட்டீஸ் அனுப்பியும் பதில் இல்லை, இன்று மாலைக்குள் கைது செய்ய உத்தரவு வந்திருக்கிறது என்றது அந்தக் குரல். கடையின் பேர், விலாசம், மகன் பேர் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னது. பின்னணியில் வேறு போன்கள் அடித்தன. யாரோ யாரையோ பைல் கொண்டுவரச் சொன்னார்கள். அலுவலகம் மாதிரிதான் இருந்தது.

பெரியவர் பயப்படவில்லை. சிரித்தார்.

"தம்பி, என் பொண்ணே உங்க ஆபீஸ்லதான் அதிகாரியா இருக்கா. ஒரு நிமிஷம் இருங்க, அவகிட்டயே கேட்டுடறேன்."

மறுமுனையில் தாள் புரட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. அதுவரை அந்த ஆளிடம் கடை விவரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அதை எந்த விளம்பரத்தாளிலும் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பெரியவர் வாயாலேயே ஒரு மகள் கிடைத்துவிட்டாள்.

"அதான் சார் சிக்கலே," என்றது குரல், கொஞ்சம் இறங்கி. "உங்க பொண்ணு விஷயமும் இதுல இருக்கு. உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் முதல்ல உங்களைக் கூப்பிட்டேன்."

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். துணி துவைக்கிற மெஷின் இருக்கும் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கு மேல் கடையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எல்லாம் மகளைப் பற்றித்தான். போனை வைக்கக்கூடாது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது, மகளைக் கூப்பிட்டால் அவள் பேசுவது பதிவாகி அவள் தலையில்தான் விடியும் என்று அந்த ஆள் சொன்னான். வீட்டில் வேறு யார் என்று கேட்டான். மருமகள் என்றார். அவரிடமும் சொல்லாதீர்கள் என்றான். அது ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில், மகள் பேர் வெளியே வராமல் இருக்க, சேமிப்புக் கணக்கில் இருந்ததை அவன் சொன்ன எண்ணுக்கு அனுப்பினார். மகன் சொல்லிக் கொடுத்திருந்த போன் வித்தைகளில் அவருக்குக் கைவந்தது அது ஒன்றுதான். பிறகு வங்கிக்கு நேரில் போய் வைப்புநிதியை உடைக்கச் சொன்னான். கேட்டால் பெண் கல்யாணத்துக்கு என்று சொல்லவேண்டும்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் கிளினிக். அடுப்படியில் நின்றவள் காதில் பின்கட்டிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது.

"சரிங்க சார்."

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. கல்யாணமாகி வந்த நாள் முதல் மாமனார் யாரையும் சார் என்று கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. இதய டாக்டரையே தம்பி என்று கூப்பிட்டவர். கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் வெளியே வந்தார். சட்டைப்பையில் போன் வெளிச்சமாக இருந்தது. சுவரைக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார்.

அவள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மெஷின் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. மேசையை விட்டு எழுந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுவார். கடைக்காரன் கண்ணாடி இல்லாமல் தெருவில் நடந்தால் வியாபாரம் என்னாகும் என்று ஊரே கேட்கும்படி சொன்னவர். அடுப்பை அணைத்தாள், கண்ணாடியை எடுத்துக்கொண்டாள், பின்னாலேயே போனாள்.

வங்கி கடைத்தெருக் கோடியில் இருக்கிறது. அவள் போனபோது அவர் ஓர் அதிகாரி மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கொடுத்த தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, கண்ணாடி."

அத்தனை நாளுக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தில் இருந்தது பயம். உதட்டின் மேல் விரலை வைத்துக்காட்டினார். பிறகு அதே விரலால் சட்டைப்பையைக் காட்டினார்.

இந்த மாதிரி மோசடியை அவள் கேள்விப்பட்டிருந்தாள். கிளினிக்கில் முழங்காலுக்கு வருகிற ஒரு டீச்சர் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். போனைப் பிடுங்கினால் இவர் மேலும் பயந்து போவார் என்று அவளுக்குப் பட்டது. மேசையில் கிடந்த சீட்டின் பின்பக்கத்தில், போனில் யார் மாமா என்று எழுதினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பதில் எழுதினார்.

'வரி ஆபீஸ். ஆபீசரைக் கூப்பிடாதே.'

மருமகள் தூணுக்குப் பின்னால் போய் முதல் வேலையாக ஆபீசரைக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்து வங்கி அதிகாரியம்மாவிடம் கண்ணைக் காட்டி, காதோடு இரண்டு வார்த்தை சொன்னாள். அந்த அம்மா விவரமானவர். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது சார், கொஞ்சம் பொறுங்கள் என்றார். மற்ற நாட்களில் அது கேட்காமலே கிடைக்கிற பதில். இப்போது முதல் தடவையாக ஒருவருக்கு உதவியது.

பெரியவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து அவ்வப்போது குரல் வந்தது. என்ன சார் ஆச்சு, ஏன் லேட்டு என்று. சிஸ்டம் மெதுவா இருக்குங்க சார் என்று அவர் சட்டையைப் பார்த்துச் சொன்னார். மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசர் டாக்ஸியில் வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்ததும் பெரியவரின் மகள் என்று தெரிந்துகொண்ட ஒரு குமாஸ்தா, விஷயம் தெரியாமல், எழுந்து வந்து கல்யாண வாழ்த்துச் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

அப்பாவைக் கைப்பிடித்து மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனாள். கதவை மருமகள் சாத்தினாள். ஆபீசர் அப்பாவின் பையிலிருந்து போனை எடுக்கப் போனபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. நீ பேசாத. நீ பேசினா உனக்குத்தான் கெடுதல்."

"விடுங்கப்பா."

அவர் விட்டார். அவள் போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நான் வரி அதிகாரி பேசறேன். நீங்க எந்தப் பிரிவு?"

குரல் சமாளித்துக்கொண்டு, மேடம், உங்கள் கேஸ் விஷயமாகத்தான் என்று ஆரம்பித்தது.

"என் கேஸ் நம்பர் சொல்லுங்க."

நீளமாக ஒரு எண் வந்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், தன்னையே விசாரிப்பது போல.

"நம்பர் இந்த மாதிரி வராது. ஆரம்ப எழுத்தே தப்பு. கைது உத்தரவை யாரும் போன்ல படிச்சுக் காட்டறதில்ல. வரியைத் தனி ஆள் கணக்குல வாங்கறதும் இல்ல. இப்ப உங்க மேலதிகாரி பேரைச் சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. ரேஷன் கடை வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுகிற தொனிதான். பெரியவர் மகளை இப்படிப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவள் எப்படி இருப்பாள் என்று மனதுக்குள் வரைந்து வைத்திருந்த படத்தைவிட இது நன்றாக இருந்தது. அந்த நிலைமையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை வந்ததை மருமகள் பார்த்தாள்.

மறுமுனையில் ஆள் சிரித்தான். மரியாதை போய்விட்டிருந்தது, ஆனால் கோபமும் இல்லை. அன்றைய வியாபாரம் கெட்டுப்போன கடைக்காரனின் அலுப்புத்தான் இருந்தது.

"நல்லா பேசறீங்க. போகும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்க பேர்ல நான் ஒரு குத்தமும் சொல்லல. 'உங்க பொண்ணு விஷயமும் இருக்கு'ன்னேன், அவ்வளவுதான். 'எவ்வளவு வாங்கினா'ன்னு கேட்டது உங்க அப்பா."

போன் அணைந்தது.

அறையில் இருந்த யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேனேஜர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

பிறகு காரியங்கள் நடந்தன. வைப்புநிதி தப்பியது. காலையில் போன பணத்தைத் தடுத்து வைக்க மேனேஜர் இரண்டு மூன்று இடங்களுக்குப் பேசினார். போலீஸில் புகார் எழுதிக்கொண்ட பெண்மணி, சீக்கிரம் வந்ததால் ஒரு பகுதியாவது கிடைக்கலாம், முழுசாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். உங்களைப் போல் தினமும் ஆட்கள் வருகிறார்கள், படித்தவர்கள்தான் அதிகம் என்று பெரியவருக்கு ஆறுதலும் சொன்னார். அவர் தலையாட்டினார். காதில் விழுந்ததா என்பது சந்தேகம்.

எல்லா இடத்திலும் ஆபீசர்தான் பேசினாள், கையெழுத்து எங்கே என்று காட்டினாள், தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அப்பாவைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மருமகள் வங்கியிலிருந்தே கிளினிக்குக்குப் போன் செய்து விடுப்புச் சொல்லியிருந்தாள். காலையில் பாதியில் நிறுத்திய சமையலைத் தொடர்ந்து முடித்து மூன்று தட்டில் வைத்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசர் மாடிக்குப் போகாமல் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவன் சொன்னது நெஜமாப்பா?"

பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. திருட்டுப் பயல் பேச்சை நம்புகிறாயா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அன்றைக்கு அவரிடம் அதற்குத் தெம்பில்லை.

"நெஜம்தான்."

"நான் லஞ்சம் வாங்குவேன்னு நினைச்சீங்க."

"வாங்கியிருந்தாலும் நீ என் பொண்ணுதானே. அதான் இருக்கறதெல்லாம் கொடுத்துடலாம்னு போனேன்."

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுப்போம் என்கிற மாதிரி சொன்னார்.

"என்னைக் காப்பாத்தணும்னு தோணிச்சு," என்றாள் மகள். "ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவளுடைய அலுவலகத்தில் நுழைந்திருக்கிறார். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். அங்கே வாசல் காவலாளி அவருக்கு எப்போதும் சல்யூட் வைப்பார், அதற்காகவே மாதம் ஒருமுறை அந்த வழியாக நடப்பது உண்டு. இந்தத் தடவை அந்த ஆள் சல்யூட் வைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மா இப்போ இங்க வர்றதில்லைங்களே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். பெரியவர், தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மகள் வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான களைப்போடு, அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே படியேறினாள். மறுநாள் காலை இறங்கிப் போனாள். அதற்கு மறுநாளும். அவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்காக வேலையிலிருந்து ஒதுக்கி வைத்திருப்பார்கள் என்று அவராகவே யோசித்தார். வரி ஆபீஸில் அதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"பழக்க தோஷத்துல, என் பொண்ணு அங்க அதிகாரின்னு அவன்கிட்டயும் சொல்லிட்டேன். உடனே அவன், உங்க பொண்ணு விஷயமும் இருக்குன்னு சொல்றான். நான் என்னம்மா நினைப்பேன்?"

"போன மாசமே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

ஆபீசர் தட்டைத் தள்ளி வைத்தாள். மருமகள் மூன்று தட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது, உடனே நின்றது. அவள் கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

"நான் யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கலப்பா," என்றாள் மகள். "என்னை யாரும் ஒதுக்கவும் இல்ல. நானே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

பெரியவர் துணியைக் கீழே வைத்தார். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே, அது முழுசாக உட்காருவதற்குள், வேறொன்று வந்தது. அப்படியானால் வாசலில் உட்கார்ந்து இனிமேல் யாரை மாடிக்கு அனுப்புவது?

"ஏம்மா?"

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தலை வழியாகக் கழற்றி மேசையில் வைத்தாள். பெரியவர் அதைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை இல்லை. வெள்ளையாக ஒரு துண்டுக் காகிதம் மடித்துச் செருகப்பட்டிருந்தது.

"இன்னிக்கு அந்தப் போன்ல வரி அதிகாரின்னு பொய் சொன்னது அவன் மட்டும் இல்லப்பா. நானும்தான்."

பெரியவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கிறவர் போல, அடுப்படிக் கதவுப் பக்கம் நிமிர்ந்தார்.

மருமகள் முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை.